பலகையில் 40 சென்டிமீட்டர், காலடியில் கண்ணாடி

காலை எட்டரை மணி. பனிச்சறுக்கு மலையில் லிஃப்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தோளில் ஸ்கீயைச் சாத்திக்கொண்டு ஒரு இளைஞர் என் சீருடையைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். நான் வாக்கிடாக்கியில் நண்பனிடம் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அண்ணே, ஆப்ல 40 சென்டிமீட்டர் புதுப் பனின்னு போட்டிருக்கு. இங்க கால் வச்சாலே வழுக்குது, கண்ணாடி மாதிரி கிடக்கே?"

"மேல 40 விழுந்திருக்கு தம்பி. இங்க ராத்திரி விழுந்தது மழை."

பனிச்சறுக்கு மையத்தின் பாதுகாப்புக் குழுவில் இருப்பவனிடம் வாரத்துக்கு நான்கு தடவையாவது இந்தக் கேள்வி வரும். ஆப் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உச்சிக்கான கணிப்பு, நின்றது அடிவாரத்தில். ஒரே மலைக்கு அடிவாரம், நடு, உச்சி என மூன்று கணிப்புகள் இருக்கும். எதைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 அல்லது 7 டிகிரி குறையும். எப்போதும் அப்படி என்றும் சொல்ல முடியாது. காற்றில்லாத தெளிந்த குளிர்காலக் காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, கீழே மூடுபனியில் பல் கிட்டிக்கும், மேலே இதமான வெயில் அடிக்கும்.

உறைநிலை உயரம் என்று ஒரு எண் கொடுப்பார்கள், காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் அது. அதற்குக் கீழே எல்லாம் மழை என்று நினைத்துத்தான் என் முதல் சீசனில் ஏமாந்தேன். கணிப்பு 1,800 மீட்டர், எங்கள் அடிவார நிலையம் 1,500. மழையில் நனைய வேண்டாம் என்று நண்பர்களை வரவிடாமல் தடுத்தேன். விடிந்து பார்த்தால் வாகன நிறுத்தம்வரை வெள்ளை. அவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். விழும் பனி உடனே கரைந்துவிடாது, உறைநிலைக்குக் கீழே இருநூறு முந்நூறு மீட்டர் பனியாகவே இறங்கும். பொழிவு கனமாக இருந்தால், கரைகிற பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக் காற்றையே குளிர்வித்துவிடும். எல்லை இன்னும் கீழே போகும்.

பொழிவை நீராகச் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 10 மில்லிமீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளலாம். கடுங்குளிரில் அதே நீர் 15, 20 சென்டிமீட்டர் பஞ்சாக விழும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பத்தில் 6, 7 சென்டிமீட்டர் ஈரக் கஞ்சிதான். மூன்று நாளுக்கு அப்பால் உள்ள கணிப்பில் சென்டிமீட்டரை நம்பி நான் லீவு போடமாட்டேன். புயல் வரும் போலிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி, பனியளவை எழுதி வைக்கும் எங்கள் அறிவிப்புப் பலகை. 'மொத்தப் பனி 180' என்பது கல்லும் புதரும் மூடியிருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறது, சறுக்க நன்றாக இருக்குமா என்று சொல்வதில்லை. '24 மணி நேரத்தில் 40' என்பது வேறு. காற்று படாத மறைவான இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையும் அளவுகோலும் வைத்திருப்போம். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, துடைத்துவிட்டு வருவோம். காற்று படாத இடம் என்பதால் அது விழுந்த பனியின் அளவு. முகட்டில் எவ்வளவு தங்கியது என்பது காற்றுக்குத்தான் தெரியும்.

வானிலை அறிக்கை காற்றையும் மேகத்தையும்தான் பேசுகிறது. தரையில் கிடக்கும் பனி, கடந்த ஐந்தாறு நாட்களை நினைவில் வைத்திருக்கிறது. நேற்று மழை, இரவு மேகம் விலகியது என்றால் இன்று காலை தடம் பாறை. மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விட்டு, காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதனால்தான் நாளைய கணிப்புக்கு முன்னால் நேற்றைய வெப்பநிலையைப் பார்க்கச் சொல்கிறேன். இளவேனிலில் இதே குணம் நமக்குச் சாதகம். இரவில் நன்றாக உறைந்து, காலை வெயிலில் மேலே இரண்டு விரற்கடை மட்டும் இளகிய பனியில் சறுக்குவது தனிச் சுகம். கிழக்குச் சாய்வு முதலில் இளகும், மேற்கு கடைசியில். வெயிலைத் துரத்திக்கொண்டே போகலாம். ஒரு மணி நேரம் தவறவிட்டால் முழங்காலைத் திருகும் சேறு.

கையுறையோடு ஒரு பிடி பனியை அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிர்ந்துபோனால் உலர்ந்த குளிர்ப்பனி. உருண்டை பிடித்தால் பூஜ்ஜியத்தை நெருங்கிவிட்டது. விரலிடுக்கில் நீர் கசிந்தால் மதியத்துக்கு முன் இறங்கிவிடுவது நல்லது.

கணிப்பில் மக்கள் தாண்டிப்போகும் வரி காற்று. நான் முதலில் படிப்பது அதைத்தான், அதுவும் சராசரியை விட்டு உச்ச வீச்சை. மேல் லிஃப்டை நிறுத்துவது அந்த வீச்சுதான். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல் உறைக்கும். லிஃப்ட் நாற்காலியில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கப் போவது நினைவிருக்கட்டும். மேகம் அடர்ந்து நிழலே விழாத நாளில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு மரங்களுக்கு நடுவே போகும் தடமே போதும்.

பனியைப் பெயர்த்துக்கொண்டு போய் முகட்டின் மறுபக்கத்தில் கொட்டுவதும் காற்றுதான். அங்கே அது பலகை போல் இறுகி, கீழே உள்ள பலவீனமான அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒருவர் எடை போதும், பலகை முழுசாகப் பெயர்ந்து சரியும். ஐரோப்பாவில் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஒரே ஐந்து படிகளில் சொல்கிறார்கள். மூன்றைப் பார்த்ததும் 'ஐந்தில் மூன்றுதானே' என்கிறார்கள் பலர். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். படிக்குப் படி அபாயம் சீராக ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. நான்கில் பெரும்பாலானோர் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். மூன்றில் துணிந்து போகிறார்கள், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான். அந்த எண் தடங்களின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே போகிறவர்களுக்கானது. திறந்திருக்கும் தடங்களை நாங்கள் விடியுமுன்பே சோதித்துவிடுவோம். வெளியே 30 டிகிரிக்கு மேல் சாய்வு இருந்து, காலடியில் 'வும்' என்று சத்தம் கேட்டால், அடியில் ஓர் அடுக்கு நொறுங்கியிருக்கிறது. திரும்பிவிட வேண்டும்.

அந்தத் தம்பி நடு லிஃப்டில் ஏறி, பதினொரு மணிக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கூடவே ஒரு குறை. "மேல் லிஃப்டைக் கயிறு கட்டி வச்சிருக்கீங்களே அண்ணே, வெயில் இப்படி அடிக்குது?"

முகட்டைக் காட்டினேன். நீல வானத்தில் நீளமாக ஒரு வெள்ளைப் புகை இழைந்துகொண்டிருந்தது.

"சமையல் புகையா அண்ணே?"

"உங்க 40 சென்டிமீட்டர், தம்பி. மறுபக்கத்துக்குக் குடிபோகுது."

இரண்டு மணிக்குக் காற்று விழுந்தது. நாங்கள் போய்ச் சோதித்துவிட்டு மூன்றரைக்குக் கயிற்றை அவிழ்த்தோம். கடைசி நாற்காலியில் அவர்தான் இருந்தார்.