ஆய்வு எல்லையை மாவட்டக் கோட்டில் நிறுத்தாதீர்கள்

பயோரீஜனல் பிளானிங் என்பது நீரும் மண்ணும் வகுத்த எல்லைக்குள் ஊர்களைத் திட்டமிடும் படிப்பு. இந்தியாவில் இதே பெயரில் பட்டம் தேட வேண்டாம். எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுநிலைப் பட்டத்தில் சுற்றுச்சூழல் திட்டமிடல், வட்டாரத் திட்டமிடல் ஆகியவையே இதற்கு நெருக்கமானவை. இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பி.ஆர்க்., பி.பிளான்., சிவில் படித்தவர்களோடு புவியியல், பொருளியல், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் பொதுவாக ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்’ தாள் எழுத வேண்டும். சேர்வது இவ்வளவுதான். சறுக்குவது ஆய்வுக்கு எல்லை போடும்போது.

முதல் ஸ்லைடில் ஐந்திணைப் படம் போட்டுவிட்டு, அடுத்த ஸ்லைடிலேயே மாவட்ட வரைபடத்துக்குத் தாவும் ஆய்வேடுகள் ஏராளம். வைகையை எடுத்துக்கொள்ளுங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வழியாகப் போகிறது. மதுரை மாவட்டத்தை மட்டும் ஆய்ந்தால் கையில் இருப்பது ஆற்றின் நடுத்துண்டு. சரி, படுகையை, அதாவது ஆற்றுக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலம் முழுவதையும் எடுத்தால் போதுமா? 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது. ஆகவே படுகை எல்லையை ஒரு கோடாகவும், நீர் வரும் எல்லையை இன்னொரு கோடாகவும் வரைய வேண்டும்.

ஒரு பருவ ஸ்டுடியோவுக்கு, அதாவது களத்தில் திட்டம் தயாரிக்கும் பாடத்துக்கு, 500 முதல் 1,000 ஹெக்டேர் வரையுள்ள சிறு நீர்ப்பிடிப்பு, அல்லது ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போகும் ஒரு கண்மாய்ச் சங்கிலி போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 30 மீட்டர் உயரத் தரவை (30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயர அளவு) ஏற்றி, பள்ளங்களை நிரப்பி, நீர் ஓடும் திசை, நீர் சேரும் அளவு, வெளியேறும் புள்ளி என்று வரிசையாகப் போவார்கள். மலைச்சரிவில் இது சரியாக வரும். சமவெளியில் கவிழ்த்துவிடும். கண்மாயும் மென்பொருளுக்கு ஒரு பள்ளம்தான், அதனால் அதை நிரப்பி மட்டமாக்கிவிட்டு, உபரிநீர் வழியும் கலுங்கு இருக்கும் இடத்தை விட்டுக் கரையின் வேறொரு தாழ்வில் ஓடையை இறக்கிவிடும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், ரோட்டடிக் குழாய்ப்பாலம் எதுவும் 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது.

இதற்குத் தீர்வு நடைதான். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் ஊரின் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் தொடங்கி, உபரிநீர் போகும் மறுகால் முடியும் வரை நடந்து, பாசன நீர் திறக்கும் மடை, கலுங்கு, பாலம் ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். அந்தக் கோடுகளைச் சில மீட்டர் ஆழமாக உயரத் தரவில் பதித்துவிட்டு, அதன் பிறகு பள்ளங்களை நிரப்புங்கள். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

எல்லை அமைந்ததும் கணக்கைச் சோதியுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை 10 கன மீட்டர் நீர். 600 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்து ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் 60,000 கன மீட்டர். கண்மாய்க்கு வந்து சேர்ந்தது அதில் பாதிகூட இல்லையென்றால், வரத்துக்கால் எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது உங்கள் எல்லை தப்பு.

மக்கள்தொகையில் இன்னொரு பொறி. ஒரு கிராமத்தின் பரப்பில் 40 சதவீதம் எல்லைக்குள் வருகிறது என்பதற்காக மக்களிலும் 40 சதவீதம் எடுக்கக் கூடாது. ஆட்கள் குடியிருப்பது நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில். நத்தம் உள்ளே இருந்தால் எல்லோரும் கணக்கில் வருவார்கள், வெளியே இருந்தால் யாரும் வர மாட்டார்கள். கண்மாய்ப் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டைப் புல எண் வாரியாகத் தனியே பிரித்தெடுங்கள்.

ஊர்க்கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் காலை பத்து மணிக்குப் போட்டால் பட்டாதாரர்கள் வருவார்கள். நூறுநாள் வேலைக்குப் போன பெண்கள் வர மாட்டார்கள், சேரித் தெருவிலிருந்தும் வரத் தயங்குவார்கள். தெருவுக்குத் தெரு தனியாக, வேலை முடிந்த நேரத்தில் உட்காருங்கள். மேய்ச்சல், விறகு, மீன்குத்தகை பற்றிய தகராறுகள் அங்கேதான் வாய்திறக்கும்.

திட்ட வரைவு யார் மேஜைக்குப் போக வேண்டும் என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியத்திடம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூலையில் தொடங்கும் பருவமென்றால், ஆகஸ்டில் எல்லை வரைபடத்தை ஊர் முன் வைத்துத் திருத்தி வாங்கி, அக்டோபருக்குள் வேலைப் பட்டியலை முடித்துவிடலாம்.