டெஸ்ட் எடுக்காவிட்டாலும் மாத்திரை உண்டு: ஃப்ளூ காய்ச்சல் விதியில் மக்கள் அலைக்கழிக்கப்படும் இடங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் சளிக் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃப்ளூ அதிகமாகப் பரவும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. இதை அரசு கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. இப்போது எல்லாம் இணையதளத்தில் ஏறுகிறது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

மக்கள் முதலில் மாட்டிக்கொள்வது டெஸ்ட் விஷயத்தில். பன்றிக் காய்ச்சலும் ஃப்ளூவில் ஒரு வகைதான். அதற்கான மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ. டெஸ்டும் வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, ஓரிரு நாளில் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் சேர்ந்தால் பி. மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது எல்லாம் சி. உடனே அட்மிஷன், டெஸ்ட், சிகிச்சை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு, புற்றுநோய், எச்.ஐ.வி. உள்ளவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஏ வகை அறிகுறி இருந்தாலே அவர்கள் பி. அவர்களுக்கு ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையைக் கொடுக்க வேண்டும். டெஸ்ட் தேவையில்லை. அதாவது ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் மாத்திரையைக் கொடு என்பதுதான் விதி. ஆனால் நடைமுறையில் அது 'டெஸ்ட் இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை' என்று தலைகீழாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. காய்ச்சல், இருமல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். "பன்றிக் காய்ச்சல் மாத்திரை வேணும்னா ரிசல்ட் கொண்டு வாங்க" என்றார்கள். பஸ் பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், "அட்மிஷன் ஆனவங்களுக்குத்தான் டெஸ்ட்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஏதோ ஒரு விதியின் பாதிதான். இரண்டு பாதிக்கும் நடுவில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார். இந்த மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அவருக்கு அந்த நேரம் அலைச்சலிலேயே கரைந்துவிட்டது. கடைசியில் அட்மிஷன்.

அதனால் ஓ.பி.யில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "மேடம், காய்ச்சலும் இருமலும் வந்து ஒரு நாள் ஆச்சு. சுகர் இருக்கு." எத்தனை நாள், இருமல் உண்டா, வேறு நோய் என்ன என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். வரிசை நீளமாக இருக்கும்போது மருத்துவர் கேட்பார் என்று காத்திருந்தால் பாராசிட்டமாலோடு வெளியே வந்துவிடுவீர்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கர்ப்பகால அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். மாத்திரை ஸ்டாக் இல்லை என்றால், அது எங்கே கிடைக்கும் என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் அது செல்லாது. நோய் முற்றியவரிடம் "இரண்டு நாள் தாண்டிடுச்சு, இனி வேண்டாம்" என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். கடுமையான நோயாளிக்கு அதன் பிறகும் கொடுக்கலாம்.

வெளியில் வாங்குவதானாலும் ஒசெல்டாமிவிருக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். கடைக்காரர் கேட்டால் அது கெடுபிடி அல்ல, சட்டம். மற்றபடி மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு அது எந்தப் பயனும் தராது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. செட் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தவர் அரசுக் கணக்கில் இல்லை. கிராம சுகாதார செவிலியர் அனுப்புவது, மருத்துவர் அனுப்புவது, ஆய்வகம் அனுப்புவது என்று மூன்று படிவங்கள். இவற்றில் ஏறினால்தான் உங்கள் தெருவில் காய்ச்சல் இருப்பது மேலே தெரியும். ஏறினாலும் எந்தக் கட்டத்தில் என்பது முக்கியம். மருத்துவர் படிவத்தில் சுவாசத் தொற்றுக்கு ஒரு கட்டம், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வேறொரு கட்டம். நீங்கள் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி இருமலை விட்டுவிட்டால் இரண்டாவதில் போய்விடும். ஊரே இருமிக்கொண்டிருக்க, பேப்பரில் ஃப்ளூ இல்லை என்று வரும். காய்ச்சல் முகாம், மருந்து ஸ்டாக் எல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நகர்கின்றன. சீட்டில் இருமலும் எழுதியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

சளி மாதிரி எடுத்தால், பதிவாகும் செல்போன் எண்ணை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரிசல்ட் வராமல் அலைவதற்கு ஒரு எண் தவறாக இருந்தாலே போதும். ரிசல்ட் வந்தால்தான் சிகிச்சை என்று சி வகை நோயாளியை யாரும் காக்க வைக்கக் கூடாது.

தனியார் மருத்துவமனை பற்றியும் சொல்ல வேண்டும். லேசான காய்ச்சலுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரும் டெஸ்ட் எழுதினால், "ரிசல்ட் எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" என்று கேளுங்கள். மாறாது என்றால் டெஸ்ட் வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஓ.பி. செலவு வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்து, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு அட்மிஷன் ஆனால்தான் பேச்சே. முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு டெஸ்க்கில் கேட்டுவிடுங்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

தெருவிலோ பள்ளியிலோ பலர் ஒரே நேரத்தில் படுத்தால் கிராம சுகாதார செவிலியரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். தெருப் பெயர், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, யாருக்காவது மூச்சுத் திணறலா என்பதை அரைப் பக்கத்தில் எழுதி வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். "மேலதிகாரியிடம் போங்கள்" என்றால், அதையும் அந்த மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 104-க்கும் போன் செய்து, பேசிய தேதியையும் நேரத்தையும் மனுவின் நகலில் குறித்து வையுங்கள். நகலில் அலுவலக முத்திரை விழாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.