கூட்டம் முடிந்த மூன்றாம் நாள்

"கூட்டத்துல ஜெபம் பண்ணின அன்னைக்கே விட்டுட்டார் சார். மூணு நாளா ஒரு சொட்டுகூடத் தொடல. இப்ப செவுத்தைப் பார்த்துப் பேசுறார், கை கிடுகிடுன்னு ஆடுது. பிசாசு திரும்ப வந்திருச்சுன்னு சொல்றாங்க."

குடிநோய் ஆலோசகனான எனக்கு இந்தமாதிரி போன் பெரும்பாலும் கன்வென்ஷன் என்கிற பெரிய ஜெபக் கூட்டம் முடிந்த வாரத்தில்தான் வரும். நானும் விசுவாசிதான். அந்த மனிதர் கூட்டத்தில் தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன் என்று சொன்னதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் வீட்டில் இருந்தது பிசாசு அல்ல. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று சாராயம் நின்றதும் தடுமாறுகிறது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள், காய்ச்சல் எல்லாம் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போகாமல் உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன்.

அப்புறம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய குழப்பம்: மருந்து கொடுத்தால் விசுவாசக் குறைவு ஆகிவிடாதா?

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் படிக்கச் சொன்னேன். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுத் தூங்கிப்போன எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டவர் திரும்பவும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலை. கர்த்தருடைய 'அமர்ந்த மெல்லிய சத்தம்' அங்கேதான் கேட்டது. முதலில் உடம்பைத்தான் தேற்றினார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். கடவுளைக் கூப்பிட்டபோது அறை முழுக்க ஒளி நிறைந்ததாகச் சொன்னார். கொடுத்த மருந்தின் விளைவுதான் அது என்பவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். சாகும்வரை, 36 வருஷம், அவர் குடிக்கவில்லை. நான் கவனிப்பது இதைத்தான்: அது நடந்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில்.

மருந்து நடுக்கத்தை நிறுத்தும், ஆளை மாற்றாது. பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவருக்குச் சாயங்காலம் ஆறு மணி என்று ஒன்று இருக்கிறது, பழைய கூட்டாளி இருக்கிறார், வெட்கம் இருக்கிறது. அந்த ஆறு மணிக்குத் தினமும் தேவ சமூகத்தில் கால்மணி நேரம் உட்காருகிறவர்கள் மெல்ல மெல்ல வேறு ஆளாவதை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். வரவேண்டாம் என்று அவர்களிடம் சபை சொல்லக் கூடாது. அதேபோல, முதல் வாரமே மேடையேற்றிச் சாட்சி சொல்லவும் வைக்காதீர்கள்.

தேவனோடு பேசிவிட்டுச் சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேக்குத் தன் முகம் பிரகாசிப்பது தெரியவில்லை, பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து வந்த அந்த மனிதரும், "எனக்கொண்ணும் பெருசா மாறின மாதிரி தெரியல சார்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி குறுக்கிட்டார்.

"ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேட்டா பிள்ளைங்க இப்ப எழுந்து ஒளியறதில்ல சார். அப்பான்னு ஓடிப்போய்த் திறக்குதுங்க."