நெஞ்சுக்கறி ஏன் அவசரப்படாது?

மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்களில் இறங்கும் பாரத்தை மார்புத் தசைகள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. நாள் முழுக்க உழைக்கும் அந்தத் தசைகளில் கொலாஜன் என்னும் புரதம் மண்டிக் கிடக்கிறது. டெக்சஸ்காரர்கள் தங்கள் பார்பிக்யூவின் மகுடமாகக் கொண்டாடும் பிரிஸ்கெட் இந்த முரட்டு நெஞ்சுக்கறிதான்.

இதைக் கிரில்லில் போட்டால் மெல்லவே முடியாது. கிரில் என்பது தணலுக்கு நேர் மேலே, 200 டிகிரி செல்சியசுக்கும் கூடுதலான சூட்டில், சில நிமிடங்களில் முடியும் வேலை. மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. மென்மையான, மெல்லிய துண்டுகளுக்கு அது போதும். கொலாஜனோ சுமார் 70 டிகிரியில்தான் ஒழுங்காகக் கரையத் தொடங்கும், அதுவும் மணிக்கணக்கில். முழுதும் ஜெலட்டின் என்னும் குழைவான பொருளாக மாறிய பிறகே கறி இளகும்.

அதனால் பார்பிக்யூவில் நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி மறுபக்கம். ஓக் கட்டைகள் எரிய, 110 முதல் 135 டிகிரி வரையுள்ள புகைக்காற்று மட்டும் கறியைத் தழுவிச் செல்கிறது. உட்பகுதி 95 டிகிரியை எட்டப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

இடையில் ஒரு வேடிக்கை. 65, 70 டிகிரி வரை மளமளவென ஏறிய வெப்பமானி திடீரென நின்றுவிடும். மணிக்கணக்கில் அசையாது. புதியவர்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போடுவார்கள். கொழுப்பு உருகுவதும் கொலாஜன் கரைவதும் வெப்பத்தை விழுங்கிவிடுகின்றன என்றே நெடுநாள் நம்பினார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் அடுப்பில் வைத்துப் பார்த்தார். கொழுப்பின் சூடு தடையின்றி ஏறியது. ஸ்பாஞ்சின் சூடு கறியைப் போலவே நின்றது. ஆக, காரணம் ஆவியாதல். நமக்கு வியர்ப்பதுபோல் கறியும் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அலுமினியத் தாளில் சுற்றினால் ஈரம் வெளியேற வழியில்லை. சூடு மீண்டும் ஏறும். மேலோட்டின் மொறுமொறுப்புக் கொஞ்சம் போய்விடும் என்பதால் இதைக் கோழைத்தனம் என்பவர்களும் உண்டு.

வீட்டு மின்னடுப்பிலும் கொலாஜன் கரையும். ஆனால் அது பார்பிக்யூ ஆகாது என்பது என் கட்சி. விறகுக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வரும் குவாயகால், சிரிங்கால் முதலிய சேர்மங்கள்தான் புகை மணம் தருபவை. வெட்டிய கறியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்துக்குத்தான் தேவைக்கு மீறிய மரியாதை. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்னும் புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாஸ் சண்டை தனி. வட கரோலினாவில் வினிகர் ஊற்றிய பன்றிக்கறி. டெக்சஸின் லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய குரூட்ஸ் மார்க்கெட் என்னும் பார்பிக்யூ கடையோ நெடுங்காலம் சாஸே வைக்கவில்லை. அதே டெக்சஸின் லானோ ஊரிலோ மெஸ்கீட் மரத் தணலுக்கு நேர் மேலேயே தடித்த பன்றித் துண்டுகளை வாட்டுகிறார்கள். நான் சொன்ன கணக்குப்படி அது கிரில். கடைப் பலகையில் எழுதியிருப்பது பார்பிக்யூ.