மேகக் கணினி விளையாட்டுகளும் மில்லி வினாடிகளும்

வீடியோ விளையாட்டுக்கெனத் தனியாகக் கன்சோல் வாங்கும் காலம் விரைவில் முடிந்துவிடும் என்ற கணிப்பு, 2010-இல் ஆன்லைவ் என்ற மேகக் கணினி விளையாட்டுச் சேவை தொடங்கியதிலிருந்தே பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இத்தகைய சேவையில் தொலைவில் உள்ள சர்வர் விளையாட்டை இயக்கி அதன் காட்சியை வீடியோவாக அனுப்பும் என்பதால், விளையாடுபவருக்குத் திரையும் கன்ட்ரோலரும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும். ஆன்லைவ் 2015-இல் மூடப்பட்டது. கூகுள் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இந்த முடிவுகளுக்கு வணிகக் காரணங்கள் பல உண்டு. ஆனால் இத்துறையில் யார் இறங்கினாலும் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் பதில் தெரிவதற்கும் இடையிலான தாமதம்தான்.

திரைப்படத்தை இணையத்தில் பார்க்கும்போது அடுத்து வரப்போகும் காட்சி சர்வரிடம் ஏற்கெனவே இருப்பதால், சில வினாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்து, இணைப்பில் ஏற்படும் தடங்கலை அது மறைத்துவிடுகிறது. விளையாட்டில் அடுத்த காட்சியோ விளையாடுபவர் பொத்தானை அழுத்திய பிறகுதான் உருவாகிறது. வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படங்கள், ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குச் சென்று திரும்பவே, கேபிள் நேர்கோட்டில் போடப்பட்டிருந்தாலும், 15 மில்லி வினாடி கழிந்துவிடும். வழியிலுள்ள ரௌட்டர்கள், வீடியோவைச் சுருக்கும் பணி, அதைத் திரும்ப விரிக்கும் பணி ஆகியவற்றின் நேரம் இதற்கு மேல் சேரும். சிப்புகள் எவ்வளவு வேகமடைந்தாலும் ஒளியின் பயண நேரம் குறையாது. சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டரை விளையாடுபவருக்கு அருகில் கொண்டுவருவதுதான் வழி.

வீடியோவைச் சுருக்கும் முறையிலும் இதன் பாதிப்பு தெரிகிறது. திரைப்படங்களைச் சுருக்கும்போது, ஒரு ஃபிரேமை அதற்குப் பின்னால் வரும் ஃபிரேமோடும் ஒப்பிட்டு இடத்தை மிச்சப்படுத்தும் உத்தி பயன்படுகிறது. பின்னால் வருவதற்காகக் காத்திருந்தால் தாமதம் கூடும் என்பதால், விளையாட்டை அனுப்பும் சர்வர்கள் பொதுவாக அந்த உத்தியைத் தவிர்க்கின்றன. எனவே அதே தரத்துக்கு அதிகத் தரவை அனுப்ப வேண்டியிருக்கிறது.

தாமதத்தை ஊகத்தால் வெல்லலாம் என்பது மற்றொரு வாதம். சண்டை விளையாட்டுகளில் பயன்படும் ரோல்பேக் முறை, எதிராளி கடைசியாக அழுத்திய பொத்தானையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று கருதி ஆட்டத்தைத் தொடர்கிறது. ஊகம் தவறினால் சில ஃபிரேம்கள் பின்னே போய் மறுபடி கணக்கிடுகிறது. இது அருமையான உத்தி, ஆனால் விளையாட்டு வீட்டுக் கருவியிலேயே ஓடினால்தான் பயன்தரும். மேகக் கணினி முறையில் வீட்டில் இருப்பது வெறும் வீடியோ என்பதால், பின்னே போய்த் திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இதைச் சரிசெய்துவிடும் என்போரும் உண்டு. இரு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கற்பனை ஃபிரேமைச் செருகும் தொழில்நுட்பம் 2022 முதல் கிராபிக்ஸ் கார்டுகளில் வந்துவிட்டது. அதனால் அசைவு வழவழப்பாகத் தெரிகிறது என்பது உண்மைதான். எனினும் நடு ஃபிரேமை வரைய அடுத்த ஃபிரேமைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும் என்பதால், கட்டளைக்குக் கிடைக்கும் பதில் விரைவாவதில்லை. விளம்பரங்களில் ஃபிரேம் எண்ணிக்கை பெரிதாகவும் தாமதம் சிறிய எழுத்திலும் இருந்தால் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இன்னும் துணிச்சலான வழியைக் காட்டினார்கள். விளையாடுபவர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஏற்ற காட்சிகளைச் சர்வரே முன்கூட்டி வரைந்து அனுப்ப, கருவி பொருத்தமானதைக் காட்டும். இம்முறையால் 250 மில்லி வினாடி வரையிலான தாமதத்தையும் மறைக்க முடிந்தது. ஆனால் காட்டப்படாமல் போகும் காட்சிகளையும் வரைந்து அனுப்ப வேண்டியிருப்பதால், பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வதில் கிடைக்கும் சிக்கனத்தின் ஒரு பகுதியை இம்முறை தின்றுவிடுகிறது.