வங்கி வாசலில் நின்றுவிட்ட பயிற்றுநர்

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து, கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுவின் தலைவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பாசியைக் கட்டி வளர்க்கும் மூங்கில் மிதவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்காக ஏற்பாடு செய்யப்பட்ட பயிற்றுநர், முதல் நாள் கணக்கு வழக்கைத் தொடவே இல்லையாம், “எந்த இடத்தில் உங்களுக்குப் பேச்சு வராமல் போகிறது?” என்று கேட்டாராம். பிறகு முதல் முறை வங்கிக்குக் கூடவே வந்து, மேலாளரிடம் அவரே பேசினார். இரண்டாம் முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே தவிர, வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை வாசலிலேயே நின்றுகொண்டு, “நீங்க போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். “தொழிலுக்கு வழி கேட்டுப் போனவளிடம் மனசைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? கடைசியில் ஏன் கைவிட வேண்டும்?” என்பது அவருடைய கேள்வி.

“முடிந்ததைச் செய்” என்பதைவிட, தெளிவான, சற்றே கடினமான இலக்குதான் நல்ல வேலையை வாங்கும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. அதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் எவ்வளவு கடினமான இலக்கை ஏற்கிறார், முதல் அடி சறுக்கியதும் விடுகிறாரா தொடர்கிறாரா என்பதை எது தீர்மானிக்கிறது? “இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியுமா?” என்று அவர் தமக்குள் போட்டுவைத்திருக்கும் மதிப்பீடுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் இதை விரிவாக எழுதினார். தமிழில் தன்திறன் நம்பிக்கை எனலாம். பொதுவாக நாம் சொல்லும் தன்னம்பிக்கையிலிருந்து இது வேறு. ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியாக அமைவது. நடுக்கடலில் கலங்காத ஒருவருக்கு வங்கி மேலாளரின் மேசைக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

பண்டூராவை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது பாம்பு. பாம்பு பயத்தால் தோட்டத்தில்கூடக் கால் வைக்காதவர்களும், அந்தப் பயத்தால் பிழைப்பே தடைப்பட்டவர்களும் அவருடைய ஆய்வுகளில் பங்கேற்றார்கள். முதலில், நஞ்சில்லாத பாம்பு ஒன்றை வேறொருவர் கையாள்வதைத் தொலைவில் இருந்து பார்ப்பார்கள். அடுத்து, பயிற்சி தருபவர் பாம்பின் தலையையும் வாலையும் இறுகப் பிடித்துக்கொள்ள, பயந்தவர் கையுறை போட்ட கையால் அதன் நடு உடலை மட்டும் தடவிப் பார்ப்பார். பின்னர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தொடுவார். அவர் ஒரு படி ஏற ஏற, பயிற்சி தருபவர் தம் பிடியை ஒரு படி தளர்த்துவார். முடிவில் பாம்பு அவர் மடியில் தானாக ஊர்ந்து போகும்; அவர் கைகளை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். பல்லாண்டுக் காலப் பயம் சில மணி நேரத்தில் பெரும்பாலோரிடம் விலகியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. பயிற்சி முடிந்தவர்களில் ஒரு பெண், தம் கனவில் மலைப்பாம்பு நட்பாகிப் பாத்திரம் கழுவ உதவியதாகச் சொன்னதைப் பண்டூரா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேறு சிலர், பாம்புக்குத் தொடர்பே இல்லாத காரியங்களிலும் தங்களுக்குத் துணிவு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு குறுகிய பயிற்சி, வாழ்க்கையின் வேறு அறைகளுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1975-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விடை தருகிறது. துணையோடு செய்யும் பயிற்சி முடிந்தபின், ஒரு பிரிவினருக்கு மட்டும் பாம்போடு தனியாகப் பழகச் சிறிது நேரம் கூடுதலாகத் தரப்பட்டது. வேறு பாம்புகளையும் வேறு அச்சங்களையும் எதிர்கொள்ளும் துணிவு இந்தப் பிரிவினரிடம்தான் கூடுதலாகப் பரவியிருந்தது. துணை இருக்கும்வரை, மனம் வெற்றியை அந்தத் துணையின் கணக்கில் எழுதிவிடுகிறது. துணை விலகிய பிறகு கிடைத்த வெற்றிக்கு உரிமை கோர வேறு ஆள் இல்லாததால், அது செய்தவருடைய கணக்கில் ஏறுகிறது. தம்மைப் பற்றிய அவருடைய மதிப்பீடும் அப்போதுதான் மாறுகிறது.

இந்த முறையை நம் கரை நெடுங்காலமாக அறியும். மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணிச்சுற்று, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை என்று மூச்சடக்கி முங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாறையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுப்பார்கள். புதிதாக வரும் பெண்ணை முதலில் இடுப்பளவுத் தண்ணீரில், தாயோ சித்தியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, முங்க வைப்பார்கள். “நெஞ்சு அடிச்சுக்குதா? எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கும்” என்று ஒரு மூத்த பெண் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உடலின் படபடப்பைத் தோல்வியின் அறிகுறி என்று தவறாகப் படிக்காமலிருக்கக் கற்றுத் தருவதும் தன்திறன் நம்பிக்கையை வளர்க்கும் வழிகளில் ஒன்று என்கிறார் பண்டூரா. கொஞ்ச நாளில், பெரியவர்கள் தங்கள் பாறையைத் தேடி நகர்ந்துவிடுவார்கள்.

மேடையில் முழங்கும் ஊக்கப் பேச்சுக்கு இந்த வலிமை கிடையாது. பிறர் சொல்லிக் கேட்கும் “உன்னால் முடியும்” என்பது, தானே செய்து முடித்த அனுபவத்தைவிடப் பலம் குறைந்தது என்று பண்டூராவே மதிப்பிட்டார். அந்தப் பேச்சுக்கும், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தொழில் செழிக்கும் என்கிற எண்கணிதத்துக்கும் எளிய மக்கள் கொடுக்கும் பணம் எனக்குப் பெரிய வேதனை தருகிறது. ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் மீனையும் பாசியையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அந்தப் பணியை மதிக்கிறேன். மிதவையில் கட்டிய பாசி 45 நாளில் எப்படிப் பெருகுகிறது என்பதை ஆராயும் அதே அக்கறையோடு, அதைக் கட்டும் பெண் எப்படிக் கற்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதை ஆராயவும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்தத் தலைவியின் கேள்விக்கு வருகிறேன். கடன் மனுவை எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பார். ஆனால் எத்தனை மிதவைக்குக் கடன் கேட்கலாம் என்று தீர்மானிப்பது உங்கள் மனம் போட்டிருக்கும் மதிப்பீடுதான். அதனால்தான் பயிற்றுநர் பேச்சு அடைபடும் இடத்தை முதலில் கேட்டார். முதல் முறை அவர் பேச, நீங்கள் பார்த்தது பாம்பைத் தொலைவிலிருந்து பார்த்த படி. இரண்டாம் முறை அவர் பக்கத்தில் மௌனமாக இருந்தது தலையையும் வாலையும் பிடித்துக்கொண்ட படி. மூன்றாம் முறை நீங்கள் தனியாகவே போய்ப் பேசித் திரும்பியிருக்கிறீர்கள். மேலாளர் அன்று என்ன விவரங்கள் கேட்டார், அவற்றில் எவற்றுக்கு உடனே விடை சொன்னீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று இன்றைக்கே குழுவின் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை குழுவில் இன்னொரு பெண்ணை அழைத்துச் சென்று, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் பேசுங்கள்.