துளை போடுவது யார், பொறியில் விழுவது யார்?

கொய்யாவில் துளை விழுகிறது என்று அழைக்கும் விவசாயிகளின் தோட்டத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பொறி தொங்கிக்கொண்டிருக்கும். "பூச்சி நிறைய விழுது சார், ஆனா காய் கெடுறது நிக்கல" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே கிடப்பதெல்லாம் பழ ஈக்கள். வைத்திருப்பது மெத்தில் யூஜினால், ஆண் பழ ஈக்களை இழுக்கும் வாசனைப் பொருள். பழ ஈயும் கொய்யாவுக்கு எதிரிதான், அதற்கு அந்தப் பொறி சரி. ஆனால் துளைவாயில் எச்சமும் நூலும் அப்பியிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. மஞ்சள் சிறகில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட இந்தப் பூச்சிதான் ஆமணக்குக் காயையும் துளைக்கிறது.

அந்துப்பூச்சியில் பெண், வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை நீட்டி வாசனை விட்டு ஆணை அழைக்கும். நானோகிராம் கணக்கில்தான் அது வெளிவரும். எந்தச் சேர்மம் என்று கண்டறிய, அழைக்கும் நேரத்தில் அந்தச் சுரப்பியை வெட்டி ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கிறோம். கேஸ் குரோமட்டோகிராப் என்ற கருவி அந்தச் சாற்றைச் சேர்மம் சேர்மமாகப் பிரிக்கும். வெளிவருவதில் ஒரு பங்கை, இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே பொருத்திய ஆண் பூச்சியின் உணர்கொம்பின்மேல் வீசச் செய்வோம். ஒவ்வொன்றாகக் கடந்து போகும்; திரையில் கோடு அசையாது. ஏதோ ஒன்றுக்கு மட்டும் சட்டென்று ஒரு சரிவு விழும்; உணர்கொம்பு உணர்ந்தது அதைத்தான்.

ஆப்பிளைக் கெடுக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் ஃபெரோமோனை, அதாவது பெண் விடும் அழைப்பு வாசனையை, 1971-இல் அமெரிக்காவில் வெண்டல் ரோலோஃப்ஸ் குழு உணர்கொம்பின் துணையோடுதான் கண்டறிந்தது: 12 கார்பன் கொண்ட ஆல்கஹால், 8, 10-ஆம் இடங்களில் இரட்டைப் பிணைப்பு. நம் கொய்யாப் புழுவினுடையது வேறு. 1982-இல் ஜப்பானில் கண்டறிந்தது, 16 கார்பன் ஆல்டிஹைடு. இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் அணுக்கள் அமையும் விதத்தால் அதற்கு இ (E), இசட் (Z) என்று இரண்டு வடிவங்கள்; இ வடிவம் பெரும்பங்கு, இசட் வடிவம் சிறுபங்கு. இந்த விகிதம் பிசகினால் ஆண் வராது. ஆகவே ஆய்வகத்தில் தேறியதைத் தோட்டத்தில் தொங்கவிட்டுப் பார்க்காமல் எந்த லூரையும் (பொறியில் வைக்கும் வாசனைக் கவர்ச்சிப் பொருளையும்) நான் நம்புவதில்லை.

கடையில் 'காய்ப்புழு லூர்' என்று கேட்காதீர்கள். புழுவை ஒரு காயோடு எடுத்துப்போய் வேளாண் அலுவலரிடம் காட்டி, பெயரைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாதுளைக் காயைப் பெரும்பாலும் துளைப்பது பகலில் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அதற்கு அந்துப்பூச்சி லூர் உதவாது. பொறியில் விழுவதும் ஆண் மட்டுமே. எண்ணிக்கை ஏறினால் முட்டையிடும் காலம் நெருங்குகிறது என்று கொண்டு, உடனே பிஞ்சுகளைச் சோதித்து உறை போடத் தொடங்குங்கள்.

ஒரு பொறிக்கு ஒரே லூர் வையுங்கள். ஒன்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட வேண்டாம். மிச்ச லூர்களை உறை பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.